அணைக்கக் கூடாத சுவிட்ச்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் வழக்கத்தைவிட முந்நூறு ரூபாய் கூடிவிட்டால், பல வீடுகளில் முதல் பழி விழுவது கூடத்து மூலையில் இருக்கும் மீன் தொட்டியின் மேல்தான். ஏசி இரவில் மட்டும் ஓடுகிறது. கீசர் காலையில் கால் மணி நேரம். மிக்ஸி ஐந்து நிமிடம். தொட்டியின் மோட்டார் மட்டும் இராப்பகலாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது. “ராத்திரியாவது அதை நிறுத்தி வைக்கக் கூடாதா?” என்று பாட்டி கேட்பார். “நிறுத்தினா மீன் செத்துடும் பாட்டி” என்பான் பேரன்.

பாட்டி கேட்பது சிக்கனம். பேரன் சொல்வது உயிர். இந்த இரண்டுக்கும் நடுவில் சமயங்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டிவரும் ஒரு கேள்வி இருக்கிறது. ஓர் உயிரைக் காப்பாற்ற ஆகும் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவது? தருமத்திலா, ஆடம்பரத்திலா, கடனிலா?

முதலில் பாட்டியின் புகாரைச் சோதிக்கலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட சாதாரணத் தொட்டி ஐம்பது லிட்டர் சொச்சம் தண்ணீர் பிடிக்கும். அதற்குள் 8 வாட் ஃபில்டர் ஒன்று, 3 வாட் ஏர் பம்ப் ஒன்று, தினம் எட்டு மணி நேரம் எரியும் 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், அறுபது நாளில் மூன்றும் சேர்ந்து எடுப்பது ஏறத்தாழ 20 யூனிட். அதே கூடத்தில் 75 வாட் பழைய மின்விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் அதே அறுபது நாளில் 54 யூனிட். அதை எடுத்துவிட்டு 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியை மாட்டினால் மிச்சமாகும் 32 யூனிட்டில் தொட்டியின் மொத்தச் செலவும் அடங்கி, மேலும் பன்னிரண்டு யூனிட் கையில் நிற்கும். ஒன்றரை டன் ஏசி மூன்று நான்கு இரவுகளில் தொட்டியின் இரண்டு மாதக் கணக்கை முடித்துவிடும். ரிமோட்டில் அணைத்த பிறகும் சுவரோரத்தில் சூடாகவே இருக்கும் பழைய செட்டாப் பாக்ஸ், ஃபில்டர் எடுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட மின்சாரம் எடுக்கிறது. பார்ப்பவர் யாரும் இல்லாத நேரத்திலும் அது ஓடுகிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பாட்டி சொல்வதில் ஓர் உண்மை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அடுத்த யூனிட்டின் விலை எட்டு ரூபாய்க்கு மேல் போவதோடு, கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். 490 யூனிட்டில் நிற்கும் வீட்டில் கடைசி இருபது யூனிட் எது என்பது பெரிய விஷயம். தொட்டியிலும் பல தரம் உண்டு. கப்பியும் தங்கமீனும் சென்னை வெயிலில் ஹீட்டர் கேட்பதில்லை. 28 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாத டிஸ்கஸ் மீனை ஊட்டியில் வளர்க்க ஆசைப்பட்டால் கதை வேறு. பவளத்தோடு கடல்நீர்த் தொட்டி வைத்து, சென்னைக் கோடையில் அதைக் குளிர்விக்கச் சில்லர் ஓட்டுகிறவர் மாதம் நூறு யூனிட்டை எளிதில் தாண்டுவார்.

ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் தொட்டி குற்றவாளி அல்ல. அப்படியிருந்தும் அதன் மேல் ஏன் கை நீள்கிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். விசிறியும் ஏசியும் வீட்டாரின் உடம்புக்கு ஓடுகின்றன. ஆகவே அவை தேவை. ஃபில்டர் வேறோர் உடம்புக்கு ஓடுகிறது. ஆகவே அது வீண். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பில் வந்த நாளில் விரல் எந்த சுவிட்சை நோக்கிப் போகிறதோ, அதில் இந்த எண்ணம் தெரிந்துவிடுகிறது. தன் வசதியைத் தேவை என்றும் பிறர் உயிரைச் செலவு என்றும் பிரிக்கிற இந்தப் பழக்கத்தோடுதான் எல்லா அறநூல்களும் சண்டை போட்டிருக்கின்றன.

அந்த மோட்டார் நின்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பேரனின் பதற்றம் புரியும். மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். ஐம்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அது மீனையே கொல்லும் நஞ்சு. ஃபில்டரின் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். பஞ்சின் ஊடாக நீர் ஓடுவது பல மணி நேரம் நின்றால் அவை மடியத் தொடங்கும். இரவு அணைத்துக் காலையில் போட்டால் மோட்டார் ஓடும்; பஞ்சில் வேலை செய்ய ஆள் குறைந்திருக்கும். வெயில் இதை இன்னும் கடுமையாக்குகிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனின் உடம்போ கூடுதல் ஆக்ஸிஜன் கேட்கும். தொட்டியில் செடிகள் இருந்தால் அவையும் இரவில் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால், விடியும் முன் நேரத்தில்தான் நீரில் மூச்சு மிகக் குறைவு. நிறுத்துவதற்கு வசதியாகத் தோன்றும் அந்த இரவுதான் நிறுத்தக் கூடாத நேரம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரங்களில் மீன் வளர்ப்பவர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஒரு சொம்பால் தொட்டி நீரை மொண்டு, உயரத் தூக்கி, மறுபடி தொட்டியிலேயே ஊற்றுவார்கள். விழும் நீர் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். சில நிமிடங்கள் ஊற்றுவது, சற்று ஓய்வது, மறுபடி ஊற்றுவது என்று இருட்டில் முறைவைத்துச் செய்தாக வேண்டும். தீனி போடக் கூடாது. போட்டால் அம்மோனியா கூடும். 3 வாட் பம்ப் ஒரு நாளில் சத்தமில்லாமல் செய்யும் வேலை என்ன என்று அந்த நேரத்தில் கை வலியோடு தெரியவரும்.

இப்போது கணக்கின் கேள்விக்கு வரலாம். ஓயாமல் எரியும் ஒன்றை உயிருக்காக வைத்துக் காப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் ஏற்றப்பட்ட அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வந்தவர் யார், என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்காமல் பசிக்குச் சோறு போடுவதற்காக அந்த நெருப்பு. விறகுக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டு இரவில் அதை அணைத்துவிடலாம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பசி எப்போது வாசலுக்கு வரும் என்பது தெரியாதல்லவா? மீன் தொட்டி வைத்திருப்பவர் தன் 20 யூனிட்டை இந்த மரபில் சேர்த்துப் பார்க்க ஆசைப்படலாம். வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் புண்ணியம் என்று உள்ளுக்குள் நினைக்கவும் செய்யலாம்.

அப்படிச் சேர்க்க முடியாது. வடலூர் அடுப்பு ஏற்கெனவே இருந்த பசிக்கு எரிகிறது. தொட்டியின் மோட்டாரோ வாங்கியவர் உண்டாக்கிய மூச்சுத்திணறலுக்கு ஓடுகிறது. சிபி மன்னனிடம் புறா அடைக்கலம் தேடித் தானே வந்தது. தங்கமீன் யாரையும் தேடி வரவில்லை, பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவரப்பட்டது. தேவையைத் தானே உண்டாக்கிவிட்டு அதைத் தீர்ப்பதைக் கருணை என்று சொல்லிக்கொள்வதில் நேர்மை இல்லை. கரண்ட் பில்லில் மீனின் பங்கு தருமக் கணக்கில் ஏறாது. அது வாங்கிய கடனுக்கான தவணை. தவணை கட்டுவதற்கு மாலை மரியாதை கிடையாது. கட்டாவிட்டால் மட்டும் குற்றம்.

இதைச் சமணர்கள் மிகக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு நேரும் ஐந்து பழுதுகளை வரிசைப்படுத்துகிறது. அதில் முதலில் வருவது உயிரைக் கட்டி அடைத்து வைப்பது. கடைசியில் வருவது உணவையும் நீரையும் மறுப்பது. நடுவில் அடிப்பதும், உறுப்பைச் சிதைப்பதும், அளவுக்கு மேல் சுமை ஏற்றுவதும். கொலை இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்லாமலே செய்யக்கூடிய இம்சைகளுக்கான பட்டியல் இது. தொட்டியை வாங்கிய அன்றே முதல் பழுது நடந்துவிடுகிறது. பில்லைப் பார்த்துப் பம்பை நிறுத்துகிறவர் கடைசிப் பழுதையும் சேர்த்துக்கொள்கிறார், ஏனென்றால் மீனுக்கு முதல் ஆகாரம் நீரில் கரைந்த காற்றுதான். முதல் பழுதைச் செய்தவருக்குக் கடைசியைச் செய்யாமலிருக்கும் கடமை கூடுகிறதே தவிர, குறைவதில்லை.

அதே சமணம் இன்னோர் இடத்திலும் குறுக்கே நிற்கிறது. நெருப்பையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது அதன் கொள்கை. அதனால் துறவியரில் பல பிரிவினர் இன்றும் விளக்கோ விசிறியோ தாங்களாகப் போடுவதில்லை. மின்சாரம் அந்த உயிருள்ள நெருப்பில் சேருமா, வெறும் சடப்பொருளா என்று அவர்களுக்குள் நீண்ட வாதமே நடந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நுணுக்கம் மிகுந்த தர்க்கமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்வியின் அடியில் இருப்பது மிக நேரான ஒன்று: ஒரு சுவிட்சைப் போடும்போது எங்கோ ஓர் உயிருக்கு ஏதாவது ஆகிறதா? துறவிகள் விளக்குத் திரியில் தேடிய பதில், சென்னைக்கு வடக்கே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர். தெருத் தெருவாகக் கடைகள், வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமெண்ட் தொட்டிகள், குடும்பமே சேர்ந்து குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில். அங்கிருந்து எண்ணூர் அதிக தூரமில்லை. கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் அந்தக் கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் வளர்ந்தன. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது; பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் வந்தது. உள்நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். அந்த நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் சாம்பல். தொட்டியின் 20 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்தால் 14 கிலோ எரிந்து நான்கு கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி, கயத்தாறு காற்றாலைகள் இந்தக் கணக்கைக் குறைக்கும். கூடங்குளமும் சூரியத் தகடுகளும் பங்கு போடும். எந்த யூனிட் எங்கிருந்து வந்தது என்று பிளக்கில் எழுதியிருக்காது.

சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய்கள் ஒழுகின. ஒழுகியது ஆற்றில் படிந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களும், கழிமுகச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் மக்களும், ஆழம் குறைந்துபோன ஆற்றையும் அற்றுப்போன இறாலையும் பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். குளிர்விக்கப் பயன்பட்ட சுடுநீர் முகத்துவாரத்தில் கலப்பதையும் சொன்னார்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2017இல் பாடிய புறம்போக்குப் பாடல் இந்தக் கரையில்தான் படமாக்கப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் சாம்பலை அகற்றவும் கழிமுகத்தைச் சீராக்கவும் உத்தரவிட்டது. சூடேறிய நீரில் ஆக்ஸிஜன் குறையும் என்ற விதி கண்ணாடித் தொட்டிக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. கூடத்து மீனின் மூச்சுக்காகச் செலவாகும் மின்சாரத்தில் ஒரு துளி, கழிமுகத்து மடவை மீனின் மூச்சிலிருந்து எடுக்கப்பட்டது.

அப்படியென்றால் பாட்டி சொன்னதுதான் சரியா, பம்பை நிறுத்திவிட வேண்டுமா? இல்லை. அருகில் இருக்கும் உயிரைக் கொன்று தூரத்து உயிருக்கு நீதி செய்ய முடியாது. அதுவும், கூடத்து மீனுக்கு வாங்கியவரைத் தவிர வேறு நாதி இல்லை. அந்தக் கடனை வேறு யாரும் ஏற்க மாட்டார்கள். சட்டமும் இதையே சொல்கிறது: 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஓர் உயிரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு வேண்டியதைச் செய்வது கடமை என்கிறது. அந்தச் சட்டத்தில் விலங்கு என்பது மனிதர் தவிர்த்த எல்லா உயிரும்; மீனும் அதில் சேர்த்தி. 2017இல் மீன் கடைகளுக்கும் தொட்டிகளுக்கும் தனி விதிகளே வந்து, வியாபாரிகளின் எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டன.

எண்ணூருக்குப் பட்ட கடனோ ஊர்ப் பொதுக்கடன். அதை அடைக்கும் வழி பழைய விசிறியிலும், காலியான அறையில் ஓடும் ஏசியிலும், சாம்பலை அள்ளச் சொல்லிக் கேட்கும் குரலிலும் இருக்கிறது. உயிர் எதுவும் நம்பியிராத சுவிட்சுகள் ஒரு வீட்டில் எத்தனையோ இருக்கின்றன. சிக்கனத்தை அங்கிருந்து தொடங்காமல் மீனிலிருந்து தொடங்குவதில்தான் பிழை.

மீனை ஏரியில் விட்டுவிட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தொட்டி சுத்தம் செய்யும் என்று விற்கப்பட்ட தென்னமெரிக்க முள்கெளுத்திகள் இப்படி விடப்பட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்து, ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கடனைத் தீர்ப்பதாக எண்ணி ஓர் ஏரியின் தலையில் புதுக் கடனை ஏற்றும் வேலை அது.

மின்சாரமே கேட்காத மீன் உறவு ஒன்றும் இங்கே நெடுநாளாக இருக்கிறது. பாபநாசம் கோயிலுக்கு முன்னால் தாமிரபரணிப் படித்துறையில் பொரி வாங்கிப் போட்டால் மீன்கள் காலடியில் வந்து மொய்க்கும். பார்க்கும் மகிழ்ச்சி அதேதான். மூச்சைப் பார்த்துக்கொள்வது ஆறு. வீட்டுத் தொட்டியும் தொடக்கத்தில் மின்சாரத்தை நம்பிப் பிறக்கவில்லை. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் தங்கமீனையும் வாலிஸ்நேரியாச் செடியையும் நத்தையையும் ஒரே தொட்டியில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும் விதத்தை விளக்கினார். இன்றும் டயானா வால்ஸ்டட் முறையில் மண்ணும் நெருக்கமான செடிகளும் வைத்து, கொஞ்சம் மீன் மட்டும் விட்டு, மிகக் குறைந்த மின்சாரத்தில் தொட்டி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபைட்டரும் கௌராமியும் மேற்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்பு கொண்டவை. அவற்றுக்கும் சுத்தமான நீர் வேண்டும் என்றாலும் ஏர் பம்ப் நின்றால் உடனே திணறுவதில்லை. கொசுப்புழு தின்பதற்காகக் கிணறுகளில் விடும் கப்பிக்கு யாரும் வயர் இழுப்பதில்லை.

ஆக, தேர்வு என்பது பில் வரும் நாளில் சுவிட்சுக்கு முன்னால் நடப்பதல்ல. கடையில், பையில் மீனைக் கட்டும் நேரத்திலேயே அது நடந்து முடிகிறது. நன்றாக வளர்க்கப்படும் தங்கமீன் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். இரண்டு மாதத்துக்கு 20 யூனிட் என்றால் பத்தாண்டில் 1,200 யூனிட். பேரன் வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகும் அது நீந்திக்கொண்டிருக்கும். அப்போது பாட்டியோ அம்மாவோதான் தவணை கட்டுவார்கள். ஃபிரிட்ஜ் வாங்கினால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதிய நட்சத்திர முத்திரை கதவிலேயே ஒட்டியிருக்கிறது. மீன் தொட்டிக் கடையில் தொட்டியின் நீளமும் விலையும்தான் சாக்பீஸில் எழுதியிருக்கும். அதே சாக்பீஸால் இன்னும் இரண்டு எண்களை எழுத வேண்டும்: இந்த மீன் எத்தனை ஆண்டு வாழும், இந்தத் தொட்டிக்கு மாதம் எத்தனை யூனிட். அரசு ஆணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கொளத்தூரில் ஒரு கடைக்காரர் தொடங்கினால் போதும்.